கூறை வரைக்கும் ஒரு மூச்சு

வெள்ளவத்தை,
02.03.2025

அன்பு மகள் யதுஷாவுக்கு,

நேற்றுப் பின்னேரம் உன் வருங்கால மாமியாருக்கு நான் கண்ணடித்துவிட்டேன்.

வேறு யாராவது உனக்குச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் விடிந்ததும் பேனாவைத் தூக்கினேன். காலையில்தான் கை கொஞ்சம் சொல்வழி கேட்கும். தெஹிவளையில் ஜனா வீட்டார் இருப்பது மூன்றாம் மாடி. லிஃப்ட் பழுது. இரண்டாம் மாடியிலேயே என் கால்கள் தங்கள் கணக்கை முடித்துவிட்டன. அம்மா பின்னாலிருந்து தள்ள, பலகாரத் தட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒருமாதிரி ஏறி முடித்தேன். ஜனாவின் அம்மா தேத்தண்ணீரும் வடையும் கொண்டுவந்து வைத்து, "ஆவணியில நல்ல நாள் ஒண்டு பாப்பம் அண்ணை" என்று என் முகத்தைப் பார்த்தா. அந்த நேரம் பார்த்து என் இடது இமை கடை ஷட்டர் மாதிரி மெல்ல இறங்கியது. வலது கண் திறந்தபடி. சம்பந்தியம்மா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடினா. அவவின் மனிசன் மின்விசிறியைப் பார்த்தார்.

சிரித்துச் சமாளிப்போம் என்றால் உதடு மேலே போகவில்லை, பல்லு மட்டும் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன், சொல் மூக்கால் போனது. வடை வாய்க்குள்ளேயே நின்றது. தாடையைக் கையால் பிடித்து மூடி மூடி மென்றேன்.

படியில் இறங்கும்போது கதவுக்குப் பின்னால் கேட்டது: "மனிசன் பட்டப்பகலிலையே போட்டிட்டு வந்திருக்கு, பாத்தியளே!"

நான் வாயில் ஒரு சொட்டு வைக்காதவன் என்று உனக்குத் தெரியும். திரும்பப் போய்ச் சொல்லலாம் என்றால் மறுபடி படி ஏற வேண்டும். ஓட்டோவில் அம்மாவிடம், "றஞ்சிதம், நாளைக்குப் போன் எடுத்து உண்மையைச் சொல்லுவம்" என்றேன்.

"சும்மா இருங்கோ. குடிகாரன்ர பிள்ளையைக் கட்டுவினம். நரம்பு வருத்தக்காரன்ர பிள்ளையைக் கட்டமாட்டினம். பரம்பரை எண்டுவினம். அப்பிடியே நினைக்கட்டும்."

ஆகவே மகளே, நேற்று முதல் நான் தெஹிவளைப் பக்கத்தில் ஒரு குடிகாரன். ஐம்பத்தெட்டு வயதில், ஒரு சதச் செலவில்லாமல்.

வருத்தம் என்னவென்று உனக்கு இதுவரை சொல்லவில்லை. மயஸ்தீனியா கிராவிஸ் என்று கிளினிக்கில் எழுதித் தந்திருக்கிறார்கள். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வாய் களைத்துவிடும். நரம்பு சொல்வது தசைக்குப் போய்ச் சேர்வதில்லையாம். அம்மா சொல்வது எனக்குப் போய்ச் சேராதது மாதிரி. காலையில் மனிதன், பின்னேரம் நனைந்த சேலை. குளிசை போட்டால் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு பழையபடி.

உன் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அப்பா ஏன் வருவதில்லை, ஜனாவை நீயே தேடிக்கொண்டதில் கோபமா என்று அம்மாவிடம் கேட்டாயாம். கோபப்படுவதற்கும் முகத்தில் தசை வேண்டும் பிள்ளை. நீ எடுக்கும் நேரம் எனக்கு முகம் கடை சாத்தும் நேரம். பார்த்தால் பயந்து, எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவருவாய் என்றுதான் ஒளித்தேன்.

இனிக் கடிதம்தான். நான் எழுதுவேன், அம்மா போனில் படம் பிடித்து அனுப்புவா. அனுப்ப முன் வாசிப்பா. றஞ்சிதம், வாசிக்கிறது என்றால் வாசி, ஒன்றையும் வெட்டாதே.

களைத்துவிட்டேன்.

உன் குடிகார அப்பா,
நாகேந்திரம்


பேர்கன், நோர்வே
09.03.2025

அன்புள்ள அப்பா,

நானும் தாளில்தான் எழுதுகிறேன். போனில் எழுதினால் என்ன எழுதுவேன் என்று எனக்கே தெரியாது.

முதல் வரியை வேலையிடத்தில் வைத்து வாசித்துச் சிரித்தேன். என்ன பகிடி என்று மற்றவர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். கடைசிப் பக்கத்தை வாசித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தேன்.

நான் இங்கே முதியோர் இல்லத்தில் ஒவ்வொரு நாளும் மற்றப் பிள்ளைகளின் அப்பாமாருக்குக் கரண்டியால் சாப்பாடு தீத்துகிறேன். ஒருவர் விழுங்கச் சிரமப்பட்டால் உடனே டொக்டருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் என் வேலை போகும். என்னுடைய அப்பா தாடையைக் கையால் பிடித்து மெல்லுகிறார். அதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆறு மாதமாக வீடியோவில் உங்களுடைய கதிரையின் முதுகைத்தான் பார்த்தேன். அந்தக் கதிரைக்கு என்னில் கோபம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

டொக்டர் என்ன சொன்னார்? முழுவதையும் எழுதுங்கள். பகிடி பிறகு.

யது


வெள்ளவத்தை,
23.03.2025

அன்பு மகளுக்கு,

பகிடி பிறகு என்று எழுதியிருந்தாய். என்னிலிருந்து அதையும் எடுத்தால் மிச்சம் அதிகமில்லை. இருந்தாலும் பார்க்கிறேன்.

நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே, தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். டொக்டர் பஹ்மா, உன் வயதுதான் இருக்கும், படம் கீறிக் காட்டினா. "அங்கிள், இது நோயோட சண்ட பிடிக்கிற செல்லுகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் மாதிரி. சின்ன வயசுலதான் அதுக்கு வேல. வளந்த பிறகு சுருங்கிப் போகணும். ஒங்கட சுருங்கல்ல. அதுல ஒரு கட்டியும் இருக்கு."

நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்குத் தெரியாமல் என் நெஞ்சுக்குள்ளேயே ஒன்று நடந்துகொண்டிருந்திருக்கிறது. அங்கே படித்து வெளியில் வந்தவர்கள் என்னைத்தான் அடிக்கிறார்கள்.

வைத்தியம் என்னவென்றால், நெஞ்செலும்பை நடுவால் பிளந்து, சுரப்பியையும் கட்டியையும் ஒன்றாக எடுத்துவிட்டு, எலும்பைக் கம்பியால் கட்டிவிடுவார்களாம். கட்டி எப்படிப்பட்டது என்று எடுத்த பிறகுதான் சரியாகத் தெரியும். விட்டால் வளரும். எடுத்தவுடன் சுகம் வரும் என்றும் இல்லை. மாதக் கணக்காகும், சிலருக்கு வருசக் கணக்காகும், சிலருக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாது. டொக்டர் ஒன்றையும் ஒளிக்கவில்லை. இந்த வீட்டு ஆட்களைப் போல இல்லை.

ஜூனில் நாள் தருகிறோம் என்றார்கள். நான் ஆவணி கழியட்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

திட்டாமல் கேள். தாரை வார்க்கும்போது உன் கையை ஜனாவின் கையில் வைத்து, ஐயர் சொல்லித் தருவதை நான் சபைக்குக் கேட்கச் சொல்ல வேண்டும். அது தகப்பனுடைய வேலை. நெஞ்சைப் பிளந்து, தொண்டைக்குள் குழாயும் விட்ட பிறகு என்ன குரல் மிஞ்சும்? இப்போது காலை வேளையிலாவது ஒன்று இருக்கிறது. முகூர்த்தத்தைக் காலையில் வைத்தால் சமாளித்துவிடுவேன். பிறகு அவர்கள் எதை வேண்டுமானாலும் வெட்டட்டும்.

கிளினிக்கில் ஒரு சோதனை உண்டு. ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார்கள். எங்கே மூச்சு முடிகிறது என்று பார்ப்பார்கள். எண்ணுவதில் எனக்கு ருசி இல்லை, சேலைக் கடையில் சொல்வதைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "சொல்லுங்க அங்கிள்" என்றா. காஞ்சிபுரம், பனாரஸ், மைசூர் சில்க், சந்தேரி, ஜோர்ஜெட், ஷிபோன், கிரேப், ஹண்ட்லூம், கூறை. ஒருகாலத்தில் இத்தனையையும் ஒரு மூச்சில் சொல்லி, மிச்ச மூச்சில் விலையும் சொல்வேன். அன்று ஜோர்ஜெட்டோடு முடிந்துவிட்டது. டொக்டர் சிரிக்கவில்லை.

கடையில் முதலாளி ஹாஷிம் ஹாஜியார் எனக்கு ஒரு கதிரை போட்டிருக்கிறார். கை தோளுக்கு மேலே போவதில்லை, சேலையை விரித்துக் காட்ட முடியாது. வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். நேற்று பக்கத்தில் வந்து இருந்து சொல்கிறார்: "நாகேந்திரம், ஒங்கட கண் மூடுறதப் பாத்து, தங்களுக்கு மட்டும் வெல கொறைக்கிறீங்கன்னு சனம் நெனைக்கிது. யாவாரம் நல்லாப் போகுது. அப்பிடியே இரிங்க."

அப்படியே இருக்கிறேன். இருப்பதற்கே களைக்கிறது.

அப்பா


பேர்கன்
30.03.2025

அப்பா,

ஜனாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவருடைய அம்மாவிடமும் நானே கதைத்தேன். குடி இல்லை மாமி, வருத்தம் என்றேன். பிறகு, "அப்ப அந்தக் கண்?" என்றா. அதுவும் வருத்தம்தான் என்றேன்.

அம்மா இதை வாசித்துவிட்டு அழுவா என்று தெரியும். அழட்டும். இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

ஜூன் நாளை எடுங்கள். எடுக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம் இல்லை. ஜனாவுக்கும் இது சம்மதம். நீங்கள் மேடையில் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்பதற்காக அந்தக் கட்டியை வளரவிட என்னால் முடியாது. கையை வைத்தால் எனக்குப் போதும். சொல்லை ஐயர் சொல்லட்டும்.

நான் வரட்டுமா?

யது


வெள்ளவத்தை,
27.04.2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்துக்கு நான் பதில் எழுத முன் சம்பந்தியம்மா நேரிலேயே வந்துவிட்டா. இடியப்பமும் சொதியும் கொண்டுவந்திருந்தா. மெல்லத் தேவையில்லாத சாப்பாடாகப் பார்த்து அவித்ததாம்.

இருந்தவுடன் கேட்டா: "அண்ணை, நீங்கள் குடிச்சிட்டு வந்தனீங்கள் எண்டெல்லோ நான் நினைச்சிட்டன்?"

"குடிச்சிருந்தா வடையை முழுங்கியிருப்பன் தங்கச்சி."

"உங்களுக்குப் பகிடி. நான் ஒரு பத்துப் பேருக்காவது சொல்லிப்போட்டன். இப்ப ஒவ்வொருத்தருக்கா போன் எடுத்து இல்லையெண்டு சொல்ல வேண்டிக் கிடக்கு."

அம்மா குசினியிலிருந்து தலையை நீட்டினா. "அவையளுக்கு என்ன வருத்தம் எண்டு சொன்னனீங்கள்?"

"பேர் வாய்க்குள்ள நுழையேல்லை. கண் வருத்தம் எண்டன்."

"பரம்பரையோ எண்டு கேட்டிருப்பினமே?"

"கேட்டவைதான். எங்கட ஜனா ஏழு வயதிலை கண்ணாடி போட்டவன், அவன்ர தகப்பனுக்குச் சீனி, எனக்கு முழங்கால். ஆர் ஆரைக் கேக்கிறது எண்டு கேட்டன்."

சொதியைச் சூடாக்கக் கொண்டுபோன அம்மா வர நேரம் எடுத்தது. வந்தபோது மூக்குச் சிவந்திருந்தது. அதற்குப் பிறகு இருவரும் மண்டபக்காரனைத் திட்டத் தொடங்கிவிட்டார்கள். நான் தப்பினேன்.

ஜூன் மூன்றாம் திகதி தந்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் உடம்பில் கத்தி வைக்கக்கூடாது, புதனுக்கு மாற்றுங்கோ என்று அம்மா கிளினிக்குக்கே போய் நின்றா. "அன்ரி, புதன்ல சர்ஜன் இல்ல" என்றா டொக்டர் பஹ்மா. அதற்கு மேல் பஞ்சாங்கத்தில் இடமில்லை.

நீ வராதே. லீவைக் கல்யாணத்துக்கு வை. நீ பக்கத்தில் நின்றால் நான் தைரியமாக இருப்பது போல நடிக்க வேண்டும். இந்த முகத்தால் அதுவும் ஏலாது.

இப்போதெல்லாம் மைசூர் சில்க்கோடு நிற்கிறது. இதை அம்மா அனுப்புவாவோ தெரியாது.

அப்பா


ஆஸ்பத்திரி, கொழும்பு
19.06.2025

யது,

இருக்கிறேன்.

எழுத்தைப் பார்த்துவிட்டு இது டொக்டர் எழுதியது என்று நினைக்காதே. படுத்தபடி பென்சிலால் எழுதுகிறேன், இரண்டு வரிக்கு ஒருமுறை கையை இறக்கி வைக்கிறேன்.

தொண்டையில் குழாய் இருந்த நாட்கள் எனக்குச் சரியாக நினைவில்லை. அம்மாவின் விபூதி வாசம் வந்து வந்து போனது. குழாயை எடுத்த பிறகு இருமல். இருமும்போது தலையணையை நெஞ்சோடு இறுக்கிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பி பிரிந்துவிடுமோ என்று பயம். ஐம்பத்தெட்டு வயதில் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கிறேன். பக்கத்துக் கட்டில்காரர் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொள்கிறார்.

கட்டி தன் உறையைத் தாண்டவில்லையாம். முழுதாக வந்துவிட்டதாம். அம்மா இதை உனக்கு நாலு தடவை சொல்லியிருப்பா.

ஆனால் நான் நினைத்தது வேறு. எடுத்தால் எழும்பி நடப்பேன் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தை மூடியாயிற்று. படித்து வெளியேறினவர்கள் இன்னும் தெருவில் நிற்கிறார்கள். அவர்கள் கலைந்து போக நாளாகும் என்கிறா டொக்டர் பஹ்மா. கண் இன்னும் விழுகிறது. சோறு இன்னும் வாய்க்குள் நிற்கிறது.

சிங்கள நர்ஸ் பிள்ளை ஒன்று காலையில் வந்து மூச்சைப் பார்க்கும். சேலைப் பெயர்களைக் கேட்க அதுக்கு நல்ல விருப்பம். நான் நிறுத்தினால், "தவ எகக், அங்கிள்" என்று இன்னும் ஒன்று கேட்கும். இன்று பனாரஸோடு நின்றுவிட்டது. தவ எகக் என்றது. கையைக் காட்டி இல்லை என்றேன்.

பகிடி ஒன்றும் வரவில்லை. மன்னித்துக்கொள்.

அப்பா


வெள்ளவத்தை,
21.09.2025

அன்பு மகள் யதுஷாவுக்கு,

இது தபாலில் வருகிறது. அம்மாவுக்குத் தெரியாது. காலையில் குளிசை வேலை செய்யும் நேரம் பார்த்து, பாண் வாங்கப் போகிறேன் என்று சொல்லித் தபால் கந்தோருக்கு நானே நடந்துபோகப் போகிறேன். வழியில் இரண்டு இடத்தில் நிற்பேன். பாணையும் மறக்காமல் வாங்க வேண்டும்.

நீங்கள் இரண்டு பேரும் போன பிறகு வீடு கொஞ்சம் பெரிதாகிவிட்டது. அம்மா இன்னும் நாலு பேருக்குச் சமைத்துவிட்டுச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறா. கல்யாணப் படங்கள் வந்துவிட்டன. பின்னேரம் எடுத்த எல்லாவற்றிலும் நான் கண்ணடித்துக்கொண்டு நிற்கிறேன். சம்பந்தியம்மா ஒவ்வொன்றாக எடுத்து, "இது ஆருக்கு அண்ணை? இது ஆருக்கு?" என்று கேட்டுச் சிரித்து, அவவுக்குப் புரையேறிவிட்டது.

ஜனா நல்ல பிள்ளை. விமான நிலையத்தில் என்னைத் தூக்காமல் தூக்கி ஓட்டோவில் ஏற்றினவிதம் எனக்குப் பிடித்திருந்தது. கை கொடுக்கிற மாதிரிக் கொடுத்தான், பாரம் முழுவதும் அவனில் இருந்தது. மற்றவர்களுக்குத் தெரியாது. உனக்கும் தெரிந்திருக்காது.

போகும்போது நீ என்னிடம் சொன்னாய்: "குரல் வராட்டி என்னப்பா, கை இருந்ததுதானே." அன்று மேடையில் நடந்ததைச் சொன்னாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உன் கை என் கையில், என் கை ஜனாவின் கைக்கு மேலே. அம்மா தண்ணீர் ஊற்றத் தயாராகச் செம்பைச் சரித்துப் பிடித்திருக்கிறா. ஐயர் என் பாட்டனார் வரைக்கும் பெயர் சொல்லி முடித்துவிட்டு, சபைக்கு விளங்கட்டும் என்று தமிழிலேயே சொல்லித் தந்தார். நான் வாயை அசைத்தேன். சத்தம் வரவில்லை. ஐயர் இன்னொருமுறை சொல்லித் தந்தார். திரும்பவும் வாயை அசைத்தேன். சம்பந்தியம்மா ஐயரின் காதுக்குக் கிட்டப் போய், "ஐயா, அவருக்குக் குரல் ஏலாது, பாவம். நீங்களே சொல்லுங்கோ" என்றா. ஐயர் எனக்காகச் சொன்னார். அம்மா தண்ணீரை ஊற்றினா. மேளம் அடித்தார்கள். முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். நீ என் விரலை ஒருமுறை அழுத்தினாய்.

எல்லோரும் வருத்தம் என்று நினைத்துக்கொண்டார்கள். முதலில் வருத்தத்தை மறைக்கக் குடியைச் சொன்னோம். இப்போது நான் வருத்தத்தைச் சொல்லி வேறொன்றை மறைத்துக்கொண்டு இருக்கிறேன்.

அன்று விடிய, நீங்கள் எல்லோரும் அலங்காரத்தில் நிற்க, குளிசையைப் போட்டுவிட்டு உன் கல்யாணக் கூறையை எடுத்து மடிப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருசத்தில் எத்தனை பேரின் பிள்ளைகளுக்கு விரித்துக் காட்டிய சேலை. கை இரண்டையும் தூக்கி விரித்துப் பார்த்தேன். விரிந்தது. கதவைச் சாத்திவிட்டு, சும்மா ஒருக்கால் என்று, மெல்லத் தொடங்கினேன். காஞ்சிபுரம், பனாரஸ், மைசூர் சில்க், சந்தேரி, ஜோர்ஜெட், ஷிபோன், கிரேப், ஹண்ட்லூம், கூறை. ஒரே மூச்சு. மூக்கால் போகவில்லை. விலை சொல்வதற்கும் மிச்சம் இருந்தது. ஒருவரிடமும் சொல்லவில்லை, மேடையில் எல்லோருக்கும் ஒன்றாகக் காட்டலாம் என்று.

அந்தக் குரலோடுதான் மேடைக்கு வந்தேன் பிள்ளை. அதற்காகத்தான் ஆவணி வரைக்கும் வெட்டக்கூடாது என்று நின்றேன், பிறகு அதற்காகவே வெட்டவும் சம்மதித்தேன். ஐயர் சொல்லித் தந்தபோது மூச்சு இருந்தது, நாக்கு இருந்தது, இரண்டு கண்ணும் திறந்திருந்தன. உன் கை என் உள்ளங்கைக்குள் சூடாக இருந்தது.

என்னிடம் கேட்டது ஒரே ஒரு சொல்தான். அன்று சொல்ல மனம் வராத அதை இன்று எழுதுகிறேன்.

தந்தேன்.

அப்பா